வாய் நிறையக் கச்சாங்

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவர் பிள்ளைகளிடம் போகமாட்டார். எங்களிடம்தான் வருவார். தோளில் ஒரு பை தொங்கும். பைக்குள் கூம்பு கூம்பாகக் காகிதப் பொட்டலங்கள். வறுத்த கடலை, பட்டாணி, உடைத்த முறுக்கு எல்லாம் கலந்த கச்சாங் பூத்தே. கோட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும் அப்பா அம்மாக்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துக்கொண்டே போவார். கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல நாங்களும் கை நீட்டுவோம்.

"கேம் முடியற வரைக்கும் வாய் சும்மா இருக்கக்கூடாது" என்பார். "தீந்துபோச்சுன்னா கேளுங்க, பையில இன்னும் இருக்கு."

பிறகு தன் வாயிலும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்துவிடுவார். ஆட்டம் முடியும்வரை அவர் தாடை மட்டும்தான் அசையும்.

அவர் என் மகள் ஷாலினியின் கால்பந்துக் கோச். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளின் குழு. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் உள்ள பாடாங் திடலில்தான் பயிற்சி. ஷாலு கோலி, கோல் வாசலைக் காப்பவள். கோச் என்னைவிடச் சில வயது இளையவர். கெராமட் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருந்தார். நேராக வேலையிலிருந்து வருவதால் அவரிடம் எப்போதும் கிராம்பு எண்ணெய் வாடை அடிக்கும். இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். பிறகு ஒரு வாட்சாப் குழுவில் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் நல்ல கோச்தானா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குக் கச்சாங்கைப் பற்றித்தான் சொல்ல வரும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் லைன் லீடர். வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து விழுந்தால், மூன்று மணிக்கு ஷாலு காலைப் பிடித்து இழுப்பாள். வீட்டுக்காரருக்குச் செபராங் ஜெயாவில் கடை. சனிக்கிழமைதான் அங்கே வியாபாரம். ஆக, வெயிலில் நிற்பது என் தலையெழுத்து. அப்படி நிற்கும்போது தூக்கம் கண்ணைச் சுற்றும். கத்தினால் கொஞ்சம் தெளியும். மற்றவர்கள் எதற்குக் கத்தினார்களோ தெரியாது, எனக்கு அது காப்பி குடிப்பது மாதிரி.

கத்துவதில் எங்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. எதிரணிகளில் பெரும்பாலும் மலாய், சீனப் பிள்ளைகள்தான். அதனால் ரகசியங்களை எல்லாம் தமிழில் கத்துவோம். எங்கள் குழுவிலும் பாதிப் பேர் சீனப் பிள்ளைகள், அவர்களுக்கும் அது புரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இதில் தலைவர் குமரேசன் அண்ணன். லாரி வைத்திருப்பவர், குழுவுக்கு ஜெர்சி எடுத்துத் தந்தவர். ஜெர்சி தந்தவருக்குக் குரலும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்.

ஒருமுறை சுங்கை பாக்காப்பில் ஆட்டம். எதிரணி கோலி தூடோங் முக்காடு போட்ட, சற்றுக் குள்ளமான பிள்ளை.

"கோலி குட்ட! மேல தூக்கி அடிங்க!" என்று குமரேசன் அண்ணன் கத்தினார். நாங்களும் சேர்ந்து, "மேல! மேல!" என்றோம்.

அந்தப் பிள்ளை கையுறையைச் சரிசெய்துகொண்டே எங்கள் பக்கம் திரும்பியது. "அங்கிள், குட்டன்னா எனக்கும் புரியும் லா. எங்க வீட்லயும் தமிழ்தான்."

அதற்குப் பிறகு மேலே வந்த பந்தை எல்லாம் அது தாவித் தாவிப் பிடித்தது. நாங்கள் தோற்றோம். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், குடும்பத்தோடு போய்க் கெட்டுவிட்டு வந்தோம். தீவுக்குத் திரும்பும் வழி முழுக்கப் பாலத்து ஜாமில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தோம். கோச் மட்டும் பின் சீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை கச்சாங் வந்தது.

"என்ன கோச், பொறந்த நாளா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. கால்ல பந்து இருக்கும்போது காதுல எதுக்கு நாலு பேரு? அதுங்க யோசிக்கட்டும். நீங்க சாப்பிடுங்க." பிறகு அலுத்துக்கொண்டு சொன்னார்: "கிளினிக்குல நாள் முழுக்க வாயத் தொறங்க, வாயத் தொறங்கன்னு கெஞ்சறேன். இங்க வந்தா மூடுங்கன்னு கெஞ்சவேண்டியிருக்கு."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவர் கடலையை வைத்து மூடினார். முதல் சில வாரம் எங்களுக்கு நமைச்சல் தாங்கவில்லை. பிள்ளை தப்பாக ஓடுவது கண்ணில் படும், வாயில் பட்டாணி இருக்கும். மென்று விழுங்கி வாயைத் திறப்பதற்குள் அந்தத் தப்பு முடிந்து பந்து வேறெங்கோ போயிருக்கும். குமரேசன் அண்ணன் மட்டும் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கத்தினார். கோச் எழுந்துபோய் அவருக்கு இன்னொரு பொட்டலம் கொடுத்தார். அதுவும் பைக்குள் போனது. மூன்றாவது கொடுத்தபோது அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பயிற்சியிலும் அப்படித்தான். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து விளையாட விட்டுவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பார். பக்கத்துப் பாடாங்கில் இன்னொரு கோச் விசிலும் கையுமாக, கூம்பு வைத்து, ஏணி விரித்து, பார்க்கவே ராணுவம் மாதிரி இருக்கும். எங்களுக்கு அதைப் பார்த்து ஏக்கம். எங்கள் கோச் பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கவும் மாட்டார், கட்டிப்பிடிக்கவும் மாட்டார். பிறந்த நாள் ஞாபகம் இருக்காது. வாட்சாப்பில் நீளமாகக் கேட்டால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சில நாள் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஷாலு வரிசையாகக் கோல் விட்டாள். கடைசி கோல் அவள் கால்களுக்கு நடுவே போனது. ஆட்டம் முடிந்ததும் கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதாள். கோச் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய ஒரு காலணியில் கயிறு அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டிவிட்டார். பிறகு சேர்ந்து உட்கார்ந்து எதிரே கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்த ஆறுதலா சொல்லக்கூடாதா கோச்? இல்ல, திட்டவாவது திட்டுங்க."

"எத்தன கோல் விட்டான்னு அவளுக்கே தெரியும்க்கா. நான் வேற சொல்லணுமா?"

"அப்ப நான் என்னதான் கேக்கறது அவகிட்ட?"

"பசிக்குதான்னு கேளுங்க."

அதுதான் அவருடைய இரண்டாவது சட்டம். ஆட்டம் முடிந்தபின் பெற்றோர் பிள்ளையிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அது. ஏன் அங்கே நின்றாய், ஏன் இங்கே உதைக்கவில்லை, அந்தப் பிள்ளையைப் பார், எதுவும் கூடாது. சாப்பாடு உள்ளே இறங்கிய பிறகு அவர்களாகவே சொல்வார்கள் என்றார். அன்றைக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு பசிக்குதா என்று கேட்டேன். ரொட்டி சானாய் கடையில் இரண்டாவது ரொட்டி பாதி போனபோது ஷாலுவே ஆரம்பித்தாள். "அந்தக் கடைசிக் கோலு இருக்குல்லம்மா, நான் கண்ண மூடிட்டேன்." அவள் கண்ணை மூடியது அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்திருக்கவே முடியாது. நான் கேட்டிருந்தால் காலை ஏன் அகட்டினாய் என்றுதான் கேட்டிருப்பேன்.

இரண்டாம் வருடம் குழு எப்படியோ ஜெயிக்கத் தொடங்கியது. எங்களுக்கே புரியவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு விளையாடினார்கள். மலாய், ஆங்கிலம், கொஞ்சம் தமிழ், ஹொக்கியன் என்று அவர்களாகவே ஒரு பாஷை வைத்திருந்தார்கள். ஷாலு கோல் வாசலில் நின்றுகொண்டு எல்லோரையும் ஏவுவாள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை. இறுதியாட்டம் வரைக்கும் போய்விட்டோம். அதில் ஜெயித்தால் மாநிலத்துக்காகக் கோலாலம்பூர் போகலாம். குமரேசன் அண்ணன், பிள்ளைகளின் பெயர் அச்சடித்த புது ஜெர்சிக்குச் சொல்லிவிட்டார், பஸ்ஸும் பேசிவிட்டார். நான் லீவு கேட்டு வைத்தேன். சலித்துப்போன உடம்புக்கு அந்தப் பயணம் ஒன்றுதான் அந்த வருடம் முழுக்க எதிர்பார்க்க இருந்தது.

இறுதியாட்டம் செபராங் ஜெயாவில், மாலையில். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. புழுக்கம். தூரத்தில் ஒருமுறை இடித்தது. நடுவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆடுங்கள் என்று கையைக் காட்டினார்.

கோச் மூட்டையிலிருந்து எழுந்தார். வாயில் இருந்த கச்சாங்கைக் கையில் துப்பினார். இரண்டு வருடத்தில் நாங்கள் பார்க்காத காரியம் அது.

"எல்லாம் வெளிய வாங்க! ஷாலு, கம்பத்த விடு! ஓடியா!"

அப்போதுதான் நான் ஷாலுவைப் பார்த்தேன். பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது இரும்புக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் பழக்கம். கொதிக்கிற சட்டியைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். பந்தைக் காலில் வைத்திருந்த பிள்ளைகூட அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தது. நாங்கள் தொண்டை கிழியக் கத்தியபோதெல்லாம் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். அந்த ஒரு சத்தத்துக்கு ஏன் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

நடுவர் வந்து, உடனே திரும்பி வராவிட்டால் வெற்றி அவர்களுக்கு என்றார். கோச் மலாயில், பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். எதிரணியின் கோச்சிடமும் போய் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒன்றுமே நடக்கவில்லை. மறுபடி இடிக்கவில்லை. ஒரு சொட்டு மழை விழவில்லை. மேகம் கலைந்து, சுள்ளென்று வெயில் வந்தது. அந்த வெயிலில் எதிரணிப் பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

குமரேசன் அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெயில் அடிக்குது கோச்! பாருங்க, வெயில்!"

"ஆமாண்ணே" என்றார் கோச்.

"ரெஃப்ரியே ஆடச் சொல்றான். ஒங்களுக்கு என்ன?"

"பயமா இருந்துச்சுண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். யாரோ மின்னல் தாக்கிச் செத்ததைப் பார்த்தேன் என்று ஒரு கதை சொல்லியிருந்தால்கூட எங்களுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று வாதாடியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் நடுவில் போய் நின்று, "பசிக்குதா?" என்று கேட்டார். கடைசியில் ஷாலு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது கோச்" என்றாள்.

எனக்கு அன்றைக்கு இரண்டு மனம். கோலாலம்பூர் போச்சே என்று ஒன்று. அந்தக் கம்பத்தில் இருந்த கை என் பிள்ளையின் கை என்று இன்னொன்று. இரண்டையும் சுமந்துகொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போனேன். கிளீன்ரூமுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். வேலை முடிந்து முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு லாக்கரைத் திறந்தால் வாட்சாப் வழிந்தது. குமரேசன் அண்ணன் நீளமாக எழுதியிருந்தார். பிள்ளைகளின் உழைப்பு, பெற்றோரின் தியாகம், முடிவெடுக்கத் தெரியாதவர், நன்றி, வணக்கம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதற்கும் கீழே கோச், "சரிண்ணே. பந்து மூட்ட செக்யூரிட்டி கார்டு ரூம்ல வச்சிருக்கேன்" என்று போட்டிருந்தார். அதற்கடுத்த வரியில் அவர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்காமல் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் ஏறித் தூங்கிப்போனேன்.

பக்கத்துப் பாடாங்கின் ராணுவக்காரரே புதுக் கோச்சாக வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவார், ஜெயித்தால் தோளில் தூக்கிக்கொள்வார். ஆட்டத்தில் முதலிலிருந்து கடைசிவரை கத்துவார். அவர் கத்தவே எங்களுக்கும் வாய்ப்பூட்டு கழன்றது. அடுத்த வருடம் கோப்பை வந்தது. கோலாலம்பூரும் போனோம், முதல் நாளே தோற்றுத் திரும்பினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையாக நின்றது. ஒருத்திக்கு டியூஷன், ஒருத்திக்கு முட்டி வலி. ஷாலு காரணம்கூடச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு என் காலைப் பிடித்து இழுக்கவில்லை, அவ்வளவுதான். நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கச்சாங் பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. போன மாதம் தொழிற்சாலை பஸ்ஸில் கொறித்துக்கொண்டு வரும்போது கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. கம்பெனியில் எழுதிக்கொடுத்த கிளினிக்குக்குப் போனேன். படிக்கட்டு ஏறும்போதே கிராம்பு வாடை. உள்ளே முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்துச் சுருங்கின.

"கச்சாங்கா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறங்கக்கா."

சின்ன வயதுச் சீன டாக்டர் ஊசி போட்டு, ஆட்டி, இழுத்து, பல்லைப் பிடுங்கிவிட்டுக் கை கழுவப் போனார். கோச் ஒரு பஞ்சுச் சுருளை அந்தக் குழியில் வைத்தார். இன்னொன்றையும் வைத்தார். "இறுக்கிக் கடிச்சுக்கங்க. வாயத் தொறக்கக்கூடாது, பேசக்கூடாது." பழைய பழக்கம். உடனே மூடிக்கொண்டேன்.

தட்டில் இருந்த கருவிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "ஷாலு இன்னும் வெளையாடறாளாக்கா?"

எவ்வளவு சொல்லவேண்டியிருந்தது எனக்கு. பதின்மூன்று வயதில் விட்டுவிட்டாள் கோச். கையுறையைத் தூக்கிக் கீழ் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். பந்து என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வருடம் என்ன தோன்றியதோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானாகக் கீழே இறங்கிப் போனாள். பிளாட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், ஜெர்சி இல்லை, நடுவர் இல்லை, செருப்பைப் போட்டுக் கோல். துணி காயப்போடும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். தலை தலையாகத்தான் தெரிகிறது. ஆனால் அவள் ஏவுகிற சத்தம் பத்தாவது மாடி வரைக்கும் கேட்கிறது. நீங்க வராதீங்கம்மா என்று சொல்லிவிட்டாள். நான் போவதில்லை. மேலே வந்ததும் பசிக்குதா என்று மட்டும் கேட்கிறேன். எல்லாம் பஞ்சுக்குப் பின்னால் மரத்துப்போன நாக்கோடு கிடந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் கை நின்றது. "நீங்க போய்ப் பாப்பீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நல்லாத்தான் வெளையாடுவா" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தார்.